வால்டர் பாஜட் அலங்காரம் என்று ஒதுக்கியது

பிரிட்டிஷ் அரசமைப்பு பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் மூன்றாவது பத்தியில் வால்டர் பாஜட் வந்துவிடுகிறார். (எழுத்துக்கூட்டிப் படித்தால் பேக்ஹாட் என்றுதான் வரும். உச்சரிப்பு பாஜட்.) 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியராக 1861 முதல் 1877இல் இறக்கும்வரை இருந்தவர். 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' இதழில் 1865இல் தொடராக எழுத ஆரம்பித்து, 1867இல் புத்தகமாகக் கொண்டுவந்த 'தி இங்கிலிஷ் கான்ஸ்டிட்யூஷன்' இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது அதைப் பாடமாகப் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறார். தன்னைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுதியதைப் படித்துத் தன் வேலையைக் கற்றுக்கொண்ட அரச குடும்பம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தோடு ஒரு வழக்கு உண்டு. அதன் மையமான பிரிவினை நூற்றைம்பது வருஷமாக வாசகர்களைத் தப்பான வாசலில் காவல் நிற்க வைத்திருக்கிறது என்பதுதான் அது.

முதலில் அந்தப் பிரிவினையைப் பார்ப்போம். அரசமைப்புக்கு இரண்டு பாகம் உண்டு என்கிறார் பாஜட். மக்கள் மனதில் பயபக்தியை உண்டாக்கி அவர்களைக் கீழ்ப்படிய வைப்பது ஒன்று: ராணி, பிரபுக்கள் சபை, அணிவகுப்பு, சடங்கு. நிஜமாகவே ஆட்சியை நடத்துவது இன்னொன்று: அமைச்சரவையும் காமன்ஸ் சபையும். முதலாவதை அலங்காரப் பகுதி என்றும் இரண்டாவதை வேலைப் பகுதி என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். நம்ம ஊர் வழக்கில் சொன்னால், உற்சவர் வீதியுலா வருவார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நிலம், குத்தகை, கணக்குவழக்கு எல்லாம் தர்மகர்த்தா கையில்.

இதில் பெரிய வெளிச்சம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தக் காலத்துச் சட்டப் புத்தகங்கள், மன்னர், பிரபுக்கள், காமன்ஸ் மூன்றும் ஒன்றையொன்று தடுத்துச் சமநிலையில் நிற்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தன. பாஜட் போய்ப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை; சட்டம் இயற்றுவதும் ஆட்சி நடத்துவதும் அமைச்சரவை என்ற ஒரே குழுவில் கிட்டத்தட்ட முழுசாகக் கலந்துவிட்டன என்று எழுதினார். ஏட்டில் இருப்பதை விட்டுவிட்டு நடப்பதை எழுது என்ற பத்திரிகைக்காரப் புத்தி அது. அந்த நடைக்காகவே நான் அவரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அந்தப் பிரிவினைக்குள் ஒரு வர்க்கப் பார்வை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாமரர்களுக்கு அரசியல் புரியாது, அலங்காரத்தைக் காட்டித்தான் அவர்களை நடத்த முடியும் என்பதே அவருடைய அடிப்படை. 1867இல் வாக்குரிமை விரிந்தபோது அவர் பயந்தார். அவர் 1866இல் பிரிட்ஜ்வாட்டர் தொகுதியில் நின்று கொஞ்ச வாக்கில் தோற்றதும், ஓட்டுக்குக் காசு வாங்குவதில் பேர்போன அந்தத் தொகுதியே சில வருஷத்தில் ரத்தானதும் தனிக் கதை. இன்றைக்கு பாஜட்டை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் என் வழக்கு அது அல்ல.

என் கேள்வி சின்னது. தர்மகர்த்தா குத்தகைச் சீட்டில் கையெழுத்துப் போடுவது யார் பெயரில்? சாமி பெயரில். சாமிக்குச் சொத்துரிமை இருப்பதால்தான் தர்மகர்த்தாவுக்கு அதிகாரம். அலங்காரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு 'வேலைப் பகுதியை' மட்டும் பார்ப்போம் என்றால், அந்த வேலைக்கான அதிகாரம் எங்கே பத்திரப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும். அது இருக்கும் இடம் கிரீடம். மன்னரின் தனியதிகாரம் என்று அதற்குப் பெயர். போர் தொடுக்க, ஒப்பந்தம் செய்ய, நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்க, கடல்கடந்த பிரதேசங்களுக்குச் சட்டம் போட, பிரபு பட்டம் கொடுக்க என்று நாடாளுமன்றத்தின் சட்டத்திலிருந்து பிறக்காத அதிகாரங்கள் அவை. மன்னர் பெயரில் இருக்கின்றன. பயன்படுத்துவது பிரதமரும் அமைச்சர்களும்.

பாஜட்டுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1872இல் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் இதற்கு வருகிறார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1871 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். கிளாட்ஸ்டன் அரசு அதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தது. பிரபுக்கள் சபை இழுத்தடித்தது. கிளாட்ஸ்டன் என்ன செய்தார்? அந்த வழக்கத்தை அனுமதித்ததே பழைய அரச ஆணைதானே என்று, ராணியின் இன்னோர் ஆணையால் அதை ரத்து செய்துவிட்டார். நல்ல காரியம்தான். வழிதான் விசித்திரம்.

அதைப் பார்த்து பாஜட் ஒரு பட்டியல் போடுகிறார். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ராணி ராணுவத்தைக் கலைக்கலாம், போர்க்கப்பல்களை விற்கலாம், பிரித்தானி மாகாணத்தைப் பிடிக்கப் போர் தொடங்கலாம், கார்ன்வாலை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்யலாம், எல்லாக் குடிமக்களையும் பிரபுக்களாக்கலாம் என்று போகிறது அது. படிக்கச் சிரிப்பாக இருக்கும். பிறகு, இதையெல்லாம் அமைச்சர்கள் செய்துவிடாமல் யார் தடுப்பது என்று தானே கேட்டு, இரண்டு தடைகளைச் சொல்கிறார். ஒன்று பழையது, முரடானது: அமைச்சரை நாடாளுமன்றத்தில் நிறுத்தி விசாரித்துத் தண்டிப்பது. மற்றது புதியது, நாசூக்கானது: அமைச்சரவையை மாற்றிவிடுவது.

பழைய தடை அவர் காலத்திலேயே துருப்பிடித்துவிட்டது. அப்படிக் கடைசியாக விசாரிக்கப்பட்டவர் 1806இல் மெல்வில் பிரபு, அவரும் விடுதலையானார். ஆக மொத்தப் பாரமும் இரண்டாவது தடைமேல்தான். காமன்ஸ் சபை அரசை மாற்றும், வாக்காளர்கள் காமன்ஸ் சபையை மாற்றுவார்கள், அதனால் பயமில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தத் தடை வேலை செய்யாத இடம் எது என்று தேடிப் பார்த்தால், தனியதிகாரம் நிஜமாகக் கடித்த இடமெல்லாம் அதுவாகவே இருக்கிறது.

சாகோஸ் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலில் மாலத்தீவுக்குத் தெற்கே இருக்கும் தீவுக்கூட்டம். 1965 நவம்பரில் பிரிட்டன் அதை மொரீஷியஸிலிருந்து பிரித்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று ஒரு புதுக் காலனியை உண்டாக்கியது. காலனிகளுக்கெல்லாம் விடுதலை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புதுக் காலனி! அதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படவில்லை. பிரிவி கவுன்சிலில் ராணியின் ஆணை ஒன்று போதுமானதாக இருந்தது. டியகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத்தளம் வேண்டும். அதற்காக 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்களை மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் அப்புறப்படுத்தினார்கள். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் இருக்கலாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள் ஆகியோரின் வழித்தோன்றல்கள்.

2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு ஆதாரமான 1971ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டம் செல்லாது என்றது. வெளியுறவு அமைச்சர் ராபின் குக் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பலாம் என்று ஜனங்கள் நம்பினார்கள். பிறகு 2004 ஜூன் 10 வந்தது. அன்று பிரிட்டனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் தேர்தல் நாள். நாடே வாக்குச்சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றுதான் பிரிவி கவுன்சில் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. சாகோஸில் வசிக்க யாருக்கும் உரிமை இல்லை, அனுமதி இல்லாமல் யாரும் நுழையவும் கூடாது. நீதிமன்றம் திறந்த கதவு மறுபடி சாத்தப்பட்டது. விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை.

பிரிவி கவுன்சில் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் இருந்தாலும் வழக்கமாக வருவது மூன்று நான்கு அமைச்சர்கள். யாரும் உட்கார மாட்டார்கள். விக்டோரியா காலத்திலிருந்து நின்றபடியே நடத்துவது மரபு. ஆணைகளின் தலைப்பு வாசிக்கப்படும், அரசர் சம்மதம் என்பார், அடுத்த தலைப்பு. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பார்ப்பவருக்கு இது சுத்தமான சடங்கு. பாஜட் கணக்கில் இது அலங்காரத்தில் சேரும். அந்தச் சில நிமிஷத்தில் ஒரு ஜனக்கூட்டத்துக்குப் பிறந்த மண்ணில் கால்வைக்கும் உரிமை போய்விட்டது.

இப்போது அந்த நாசூக்கான தடையைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். சாகோஸ் மக்கள் எந்த அமைச்சரவையை மாற்றுவார்கள்? காமன்ஸ் சபையில் அந்தத் தீவுக்கு உறுப்பினர் கிடையாது. தேர்தல் என்ற தடை, ஓட்டு உள்ளவர்களுக்குத்தான் தடை. வழக்கு மேலே போனது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஆணைகள் செல்லாது என்றன. 2008 அக்டோபரில் பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபுக்கள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லும் என்றார்கள். மறுத்து எழுதிய இருவரில் ஒருவர் பிங்கம் பிரபு.

இந்த இடத்தில் நம்மவர்கள் கதையும் குறுக்கே வருகிறது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட ஒரு படகு பழுதாகி, இலங்கைத் தமிழர் பலர் டியகோ கார்சியாவில் கொண்டுசேர்க்கப்பட்டார்கள். வேலிபோட்ட கூடார முகாமில் மூன்று வருஷம். பிரிட்டன் 1951ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தை அந்தப் பிரதேசத்துக்கு விரிவாக்கவே இல்லை. அங்கே சட்டம் போடும் அதிகாரம் யாரிடம்? லண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணையர் என்ற ஓர் அதிகாரியிடம். அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது அதே 2004 ஜூன் 10 ஆணைகளில் ஒன்று. அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது. பெரும்பாலோர் அந்த மாதமே பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆணை எழுதியவர்கள் மனதில் தமிழர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் அப்படித்தான், யார் வந்து மாட்டினாலும் பிடித்துக்கொள்ளும்.

இது காலனி விவகாரம், பிரிட்டனுக்குள் நடக்காது என்று சொல்ல வருகிறவர்களுக்கு 1984ஐச் சொல்வேன். செல்ட்னமில் உள்ள உளவுத் தகவல் மையமான ஜிசிஎச்க்யூவில் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குத் தொழிற்சங்க உரிமை ஒரே உத்தரவில் பறிபோனது. தாட்சர் அரசு அதற்குக் காட்டிய ஆதாரம் 1982ஆம் வருஷத்துப் பிரிவி கவுன்சில் ஆணை. ஊழியர்களிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. தனியதிகாரத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று சட்டப் பிரபுக்கள் சொன்னது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தேசப் பாதுகாப்பு என்று சொன்னதும் அந்த வழக்கில் பின்வாங்கிவிட்டார்கள். உரிமை திரும்பக் கிடைத்தது 1997இல், ஆட்சி மாறிய பிறகு. அதாவது பாஜட்டின் நாசூக்கான தடை இங்கே வேலை செய்தது. பதிமூன்று வருஷம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

2019இல்தான் எல்லாருக்கும் உறைத்தது. ஆகஸ்ட் 28 அன்று ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் ராணி. அவர் முன்னே ஜேக்கப் ரீஸ்-மாக் உட்பட மூன்று பிரிவி கவுன்சிலர்கள். செப்டம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து அக்டோபர் 14 வரை நாடாளுமன்றத்தை முடக்க ஆணை. பிரெக்ஸிட் கெடு அக்டோபர் 31. போரிஸ் ஜான்சனுக்குச் சபையில் பெரும்பான்மை இல்லை. சபை திறந்திருந்தால் தொல்லை. எனவே சபையைப் பூட்டு.

இதில் பாஜட்டுக்கு நேரும் கதியைக் கவனியுங்கள். அரசை மாற்றக்கூடிய சபைதான் தடை என்றார் அவர். அந்தத் தடையையே பூட்டிவைக்கும் சாவி, அவர் அலங்காரம் என்று ஒதுக்கிய அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. காமன்ஸ் சபைக்கு இதில் வாக்கெடுப்பே கிடையாது. ராணி மறுத்திருக்கலாமே என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். மறுக்க முடியாது, பிரதமரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பதுதான் மரபு. கலந்தாலோசிக்கப்படவும், ஊக்குவிக்கவும், எச்சரிக்கவும் உள்ள மூன்று உரிமைகளே மன்னருக்கு மிச்சம் என்று சொன்னவரும் பாஜட்தான். ராணி எச்சரித்தாரா? அது யாருக்கும் தெரியப்போவதில்லை. மன்னரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து முழு விலக்குக் கொடுத்து 2010இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அரச மாயத்துக்குள் வெளிச்சம் விழக்கூடாது என்ற பாஜட்டின் அறிவுரை இப்போது ஒரு சட்டப் பிரிவு.

செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த முடக்கம் சட்டவிரோதம் என்றார்கள். ஆணையே வெற்றுத்தாளுக்குச் சமம் என்று ஹேல் சீமாட்டி வாசித்தார். மறுநாள் சபை கூடியது. பார்த்தீர்களா, முறைமை தன்னைத்தானே சரிசெய்துகொண்டது என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. இரண்டு வாரம் முன்புதான் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் இது நீதிமன்றம் தலையிடும் விஷயமே இல்லை என்று சொல்லியிருந்தது. இன்னொன்று, எதற்காக ஐந்து வாரம் என்று விளக்கி ஒரு அமைச்சரோ அதிகாரியோ சாட்சிப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. காரணமே காட்டப்படாததைத்தான் தீர்ப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த பிரதமர் ஒரு காரணத்தை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்வார். தவிர, 2022இல் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தைச் சட்டம் போட்டுத் திரும்ப மன்னர் பெயருக்கே கொடுத்தார்கள். அந்த அதிகாரத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று அதிலேயே ஒரு பிரிவும் சேர்த்தார்கள். 2019இலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

பாஜட்டை விமர்சித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1963இல் ரிச்சர்ட் கிராஸ்மன் ஒரு பதிப்புக்கு எழுதிய முன்னுரை புகழ்பெற்றது. அமைச்சரவையும் இப்போது அலங்காரத்தில் சேர்ந்துவிட்டது, நிஜ அதிகாரம் பிரதமரிடம் போய்விட்டது என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் அவரும் பாஜட்டின் அதே இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு பொருளை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றுகிறார். பெட்டிகளே தப்பு என்று சொல்லவில்லை. பிரதமரிடம் அதிகாரம் குவிந்தது எதனால்? கட்சிக் கட்டுப்பாடு ஒரு காரணம். ராணியின் பெயரில் இருக்கும் அதிகாரங்கள் அவர் கையில் இருப்பது இன்னொரு காரணம். அலங்காரம் செத்துப்போன எச்சமாக இருந்திருந்தால் அவருக்கு அது எதற்கு உதவியிருக்கும்?

மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. 2007இல் பிரதமரான உடனே கார்டன் பிரவுன் இந்த அதிகாரங்களைப் படிப்படியாக நாடாளுமன்றத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். 2010 சட்டத்தில் ஒப்பந்தங்களும் குடிமைப் பணியும் ஓரளவு உள்ளே வந்தன. போர் வரவில்லை; மரபு போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த மரபு என்ன ஆனது? 2013 ஆகஸ்டில் சிரியாமேல் தாக்குதலுக்கு டேவிட் கேமரன் சபையைக் கேட்டார், 285க்கு 272 என்று தோற்றார், தாக்கவில்லை. போர் அதிகாரம் சபைக்கு வந்துவிட்டது என்று அன்றைக்குக் கட்டுரைகள் வந்தன. 2018 ஏப்ரலில் தெரசா மே சபைக்கு விடுமுறை இருக்கும்போதே குண்டு போட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்து விளக்கம் சொன்னார். இரண்டுமே சட்டப்படி சரி. கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி என்றால் அது என்ன தடை?

வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி இந்த முறைமை 'நல்ல மனுஷர்' கோட்பாட்டில் ஓடுகிறது என்பார்: எல்லை எது என்று தெரிந்தவர்கள் பதவியில் இருப்பார்கள், தாண்ட மாட்டார்கள். ஜான்சன் வந்து அதைக் கெடுத்தார் என்பது இன்றைய பொதுப்பேச்சு. சாகோஸ் ஆணைகள் வந்த அரசில் ஜான்சன் இல்லை. அன்று பிரதமர் டோனி பிளேர், வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா. எல்லாரும் மரபு தெரிந்த நல்ல மனுஷர்கள்தான். சபைக்கு வெளியே, ஓட்டில்லாத ஜனங்கள் விஷயத்தில், அவர்களுக்கு எந்த மரபும் குறுக்கே நிற்கவில்லை.

பாஜட்டைப் புதிதாகப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1872 முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். சில பதிப்புகளில் அது பின்னால் தள்ளப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ராணி என்னென்ன செய்யலாம் என்ற அந்தப் பட்டியலைச் சிரிப்புக்காகப் படிக்காமல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் வருஷத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். பிரித்தானி, கார்ன்வால் வரிகளுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. பிரபு பட்டத்துக்கு எதிரே 2020 டிசம்பர் என்று எழுதலாம்: நியமன ஆணையம் வேண்டாம் என்று சொன்னவரை ஒரு பிரதமர் முதல் தடவையாக மீறிப் பிரபுவாக்கிய மாதம் அது. கடல்கடந்த தீவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை நீங்களே கீழே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.